நவம்பர் முறுக்கு

டப்பாவைத் திறந்து தணிகா நீட்டிய முறுக்கு
நமத்துப் போயிருந்தது.
நேற்றுத்தான் வாங்கியது, கல்மண்டபம் முனைக்கடையில்.
கடித்தால் சத்தமில்லை, வளைகிறது.

அதே காற்றுதான்
பியானோவின் ஆணிக்கட்டைக்குள் போய்
எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கிறது.

சுவரில் ஈரமானி எண்பத்தெட்டு.
இருநூற்று இருபத்தாறு சுருதி ஆணிகளில்
இது அறுபதாவது.
முறுக்கிப் பார்க்கும் கருவியின் முள்
நூற்றுப் பத்தைத் தொட்டதும்
"ஆப்பு மாரி ஒக்காந்துக்குச்சுண்ணே" என்றான்.

எனக்குக் கை கூசியது.
இந்தக் கட்டை எனக்குத் தெரியும்.
ஆகஸ்டில் துளையைக் கழுவியபோது
பழைய ஆணிகள் விரலோடு வந்தன,
பால்பல் மாதிரி.
இப்போது காசிமேட்டு ஐஸ் வண்டிகள்
ஒழுக்கிவிட்டுப்போன தெருவும்
மூன்று நாள் மழையும்
நாருக்குள் ஏறி உப்பிக்கொண்டு
"விடமாட்டேன் போ" என்கின்றன.

பெரம்பூருக்கு போன் போட்டேன்.
"மேடம், ஹாலில் ஏசி எத்தனை மணி நேரம் ஓடும்?"
"அணைக்கிறதே இல்லையே.
அவர் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட்.
பகலில் அவர் தூங்கணும், ராத்திரி நான் தூங்கணும்.
ஒரே ஏசி, ஒரே ஹால்."
"அப்ப எப்ப வாசிப்பீங்க?"
கொஞ்ச நேரம் அந்த ஏசியின் இரைச்சல் மட்டும்.
"அஞ்சரைக்கு" என்றார் ஒலிண்டா.
"அவர் படியிறங்கினதும்.
கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வந்துடும்தானே?"

மீதிப் பணம் நாற்பதாயிரம்.
ஷெட் வாடகை ஐந்தாம் தேதி.
இறக்கிவைத்து, கட்டி, கும்பிடு போட்டு வந்துவிடலாம்.
ஜனவரி வரை நிற்கும்.
பிறகு அந்த எட்டாவது மாடிக் குளிரில்
கட்டை காய்ந்து சுருங்கும்;
ஈரத்தில் ஆணியோடு நசுங்கிய நார்
நசுங்கியது நசுங்கியதுதான்.
நடுவில் ஒரு மயிரிழை இடம் விழும்.
அஞ்சரை மணிக்கு ஒருத்தி உட்கார்ந்து
நடு சட்ஜத்தைத் தொடும்போது
அந்த இடம் பேசும்.

படகுக்காரர் ஏகாம்பரத்திடம் தார்ப்பாய் கேட்டேன்.
மீன் வாடை போகாத நீலப்பாய்.
பியானோவைச் சுற்றிக் கூடாரம் கட்டி
உள்ளே இரண்டு நூறு வாட் பல்பு,
ஓர் ஈரமானி.
"இன்னாண்ணே, கோழிக்குஞ்சு பொரிக்கிறியா?"
என்று கேட்டவன்
முறுக்கு டப்பாவை மூடி இல்லாமல்
பல்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

முதல் நாள் எழுபத்தொன்பது.
இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்
மறுபடி எண்பத்திரண்டு.
தணிகா தன் வீட்டு இன்வெர்ட்டரை
மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.
அவன் அம்மாவுக்குச் சொல்லவில்லை.
ஒன்பதாம் நாள் ஐம்பத்தொன்று.

பாய்க்குள் தலையை நுழைத்து
அதே அறுபதாவது ஆணியில் கருவியை மாட்டினேன்.
அது வெண்ணெயில் கரண்டி மாதிரி நகர்ந்தது.
முள் நாற்பத்தைந்தில் நின்றது.

இதற்குமேல் பருமனான ஆணி வேண்டும்.
கையில் இருப்பது எல்லாம் சின்னது.
பெரியது வர ஐந்து வாரம், பணம் முன்கூட்டியே.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
ஈரம் 88, முறுக்கு 110.
ஈரம் 51, முறுக்கு 45.
கீழே ஒரு கோடு.

ஒலிண்டாவின் எண்ணை எடுத்துவைத்திருக்கிறேன்.
என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.
மணி நாலே முக்கால்.
அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து
மொறுக், என்று ஒரு சத்தம்.
"ண்ணே" என்றான் தணிகா வாய் நிறைய,
"இது சரியாயிடுச்சு."